ஹை-ரெஸ் இசைச் செயலிகளில் எது கேட்க நன்றாக இருக்கும், எதற்குக் காசு கொடுக்கலாம்?

சிடியைவிட நுணுக்கமான பதிவைத்தான் ஹை-ரெஸ் என்கிறார்கள். டைடல், கோபஸ், ஆப்பிள் மியூசிக், ஸ்பாட்டிஃபை ஆகிய நான்கில் ஒலித்தரம் எதில் அதிகம், கொடுக்கிற காசுக்கு எது தகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் இருந்து கேட்கிறீர்கள் என்றால் என் பதில் ஆப்பிள் மியூசிக். கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றாலும் அதேதான்.

முதலில் காசு. 2021 ஜூனில் ஆப்பிள் தன் சந்தாதாரர்களுக்கு 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை கூடுதல் கட்டணமே இல்லாமல் திறந்துவிட்டது (பிட் என்பது ஒவ்வோர் அளவீடும் எவ்வளவு நுணுக்கம் என்பது, கிலோஹெர்ட்ஸ் என்பது ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறார்கள் என்பது). அதுவரை டைடலில் லாஸ்லெஸ், அதாவது பதிவில் எதையும் வெட்டாத தரம், வேண்டுமென்றால் சாதாரணத் திட்டத்தைப் போல இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்பாட்டிஃபை 2021 பிப்ரவரியில் அறிவித்த லாஸ்லெஸ்ஸை 2025 செப்டம்பரில்தான் கொடுத்தது, அதுவும் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும். இங்கே அதற்கு மாதம் 299 ரூபாய் பிளாட்டினம் திட்டம் எடுக்க வேண்டும். ஆப்பிளின் தனிநபர் சந்தா அதில் பாதிகூட இல்லை. டைடலும் கோபஸும் இந்தியாவில் முறையாகக் கிடைப்பதில்லை. விபிஎன் போட்டு வெளிநாட்டுக் கணக்கு திறந்து மல்லுக்கட்டுவது வீண் வேலை என்பது என் கருத்து.

சரி, ஒலி? டைடலும் கோபஸும் பாட்டை அனுப்பும் கோப்பு வடிவம் ஃப்ளாக், ஆப்பிளுடையது அலாக். பெயர்தான் வேறு, இரண்டுமே லாஸ்லெஸ் என்பதால் பிரித்தெடுத்தால் உள்ளே போன அதே எண்கள்தான் வெளியே வரும். இசை நிறுவனம் ஒரே மாஸ்டரை (இறுதியாகச் செப்பனிட்ட பதிவை) நால்வருக்கும் அனுப்பியிருந்தால் ஒன்றில் பாஸ் கூடுவதற்கும் இன்னொன்றில் குரல் தெளிவாவதற்கும் வழியே இல்லை. ஆனாலும் வித்தியாசம் கேட்கிறது என்று பலர் சொல்கிறார்கள், அதற்குப் பெரும்பாலும் காரணம் சத்த அளவு. பாடல்களை ஒரே உரப்புக்குக் கொண்டுவர ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவை வைத்திருக்கிறது, ஆப்பிளில் அதே வேலையைச் செய்யும் சவுண்ட் செக் அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைக்கிறது. கொஞ்சம் உரக்கக் கேட்பது நம் காதுக்கு எப்போதுமே 'தரமாக' இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இரண்டு செயலியிலும் அந்த வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

192 கிலோஹெர்ட்ஸைப் பற்றி நேராகவே சொல்கிறேன், அந்த எண்ணுக்காகக் காசு கொடுக்காதீர்கள். சிடியைப் போல நொடிக்கு 44.1 ஆயிரம் முறை அளந்தாலே 20 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலான ஒலி அதிர்வெண் வரை பதிவாகிவிடும், மனிதக் காது அதற்கு மேல் கேட்காது. மேயர், மோரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனையில் ஹை-ரெஸ் ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 49.8 சதவீதம், அதாவது காசைச் சுண்டிப் பார்த்த மாதிரி. ஆனால் டேட்டா மட்டும் நன்றாகவே கரையும். ஆப்பிள் கணக்குப்படி 3 நிமிடப் பாட்டு சாதாரணத் தரத்தில் 6 எம்பி, லாஸ்லெஸ்ஸில் 36, ஹை-ரெஸ்ஸில் 145.

அப்புறம், பாட்டு காதுக்கு வந்து சேரும் வழி. ப்ளூடூத் இயர்பட்ஸ்தான் என்றால் லாஸ்லெஸ்ஸுக்காக எந்தச் சந்தா எடுத்தாலும் பெரும்பாலும் பலனில்லை. ஏர்பாட்ஸுக்குக் காற்றில் போவது ஏஏசி என்ற வெட்டிச் சுருக்கிய வடிவம், சோனியின் எல்டிஏசி என்ற ப்ளூடூத் முறைகூட அதிகபட்சம் 990 கேபிபிஎஸ், சிடிக்கோ 1411 வேண்டும். ஒயர் மாட்டினாலும் ஆப்பிளின் சின்ன ஹெட்போன் அடாப்டர் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மேக்கில் இன்னொரு தொல்லை உண்டு. ஆப்பிள் மியூசிக்கில் பாட்டு 96 கிலோஹெர்ட்ஸில் இருந்தாலும் ஆடியோ மிடி செட்டப் என்ற ஒலி அமைப்புச் செயலிக்குள் போய் நாம் மாற்றும்வரை வெளியீடு பழைய அளவிலேயே இருக்கும், திரையில் மட்டும் ஹை-ரெஸ் லாஸ்லெஸ் என்று மின்னிக்கொண்டிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் டைடலும் கோபஸும் நிஜமாகவே மேல், அவற்றின் கணினிச் செயலிகள் டிஏசியை (எண்களை ஒலியாக மாற்றும் கருவியை) தங்கள் கையில் எடுத்துக்கொண்டு அளவைத் தாமே மாற்றிவிடும்.

காதுக்கு நிஜமாகவே தெரிகிற வித்தியாசம் மாஸ்டரிங்கில் இருக்கிறது. பழைய ஆல்பம் ஒன்றைத் தேடினால் சில நேரம் இரண்டு பதிப்பு வரும். 'ரீமாஸ்டர்', 24 பிட் என்று போட்டிருப்பதில் டிரம்ஸும் குரலும் ஒரே உயரத்துக்கு நசுக்கப்பட்டிருக்கலாம், பழைய 16 பிட் பதிப்பில் தபலாவின் முதல் தட்டு பளிச்சென்று விழும். இரண்டையும் ஒரே சத்தத்தில் கேட்டுவிட்டுப் பிடித்ததை லைப்ரரியில் சேருங்கள். மாதா மாதம் மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல ஒயர் இயர்போன் வாங்குங்கள்.