அடவு (ஆட்டத்துக்கான காலடி வரிசை) பழகினப்புறம் தெருக்கூத்து கசக்குதா?

பயிற்சியை நிறுத்தாதீங்க. ரசனை எங்கேயும் போகல, காலடியை எண்ணுற பழக்கம் அதை மறைக்குது. ஆறு மாசம் அடவு பழகினதும் பென்னாகரம் பக்கத்துக் கூத்தைப் பார்க்கவே பிடிக்கலன்னு எழுதியிருக்கீங்க. பாதி கத்துக்கிட்ட நிலையில இது வரும். தாளம் இன்னும் உடம்புல இறங்கல, தலையிலதான் ஓடுது.

2005ல வந்த லண்டன் மூளை ஆய்வுல பாலே, கப்போயிரா (பிரேசில் நாட்டுச் சண்டை நடனம்) ஆடுறவங்களுக்குத் தாங்கள் பழகின அசைவைப் பார்க்கும்போது மூளையில அசைவை இயக்குற பகுதிகள் கூடுதலா வேலை செஞ்சது. (ரசனையை அது அளக்கல.)

அடுத்த கூத்துல அரை மணி நேரம் காலைப் பார்க்காம முகவீணைங்கிற ஊதுகருவியையும் மிருதங்கத்தையும் மட்டும் கேளுங்க. உங்க கால் தானா தட்டுதா பாருங்க. கூத்துல கோமாளியா வர்ற கட்டியங்காரன் வர்ற நேரம் வேண்டாம், சிரிப்புல எல்லாம் மறந்துடும்.

அன்னிக்கு ஆட்டமே சுமாரா இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பழகின கண்ணுக்கு அது சட்டுனு தெரியும்.