செயின் விறைப்பாக இருந்தால் நல்லதா?

கேள்வி: என்னுடையது 125 சிசி பைக். தினமும் வெள்ளவத்தையில் இருந்து மட்டக்குளிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். செயின் கவரில் டக்டக் என்று அடிக்கிறதே என்று ஒரு கராஜில் கொடுத்தேன், நன்றாக இறுக்கித் தந்தார்கள். அந்தச் சத்தம் போய்விட்டது. ஆனால் மனைவியை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் விழுந்து எழும்பினால் பின்னால் ஏதோ முனகுகிறது, நியூட்ரலில் தள்ளினாலும் பாரமாக இருக்கிறது. விறைப்பாக இருந்தால்தான் செயின் நெடுநாள் உழைக்கும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: இல்லை. தொய்ந்த செயினை விட அளவுக்கு மீறி இறுக்கிய செயின்தான் பெரிய செலவு வைக்கும். தொய்ந்தது கவரில் அடித்துச் சத்தம் போட்டு உங்களை எச்சரிக்கும், இறுகியதோ சத்தமில்லாமல் கியர்பொக்ஸ் பெயரிங்கைத் தின்னும்.

பின் சில்லு மேலும் கீழும் ஆடும்போது அதைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்ம் ஒரு போல்ட்டில் சுழல்கிறது, ஆனால் செயின் ஓடும் முன் பற்சக்கரம், அதாவது முன் ஸ்ப்ரொக்கட், அந்த இடத்தில் இல்லை, கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அதனால் இரண்டு ஸ்ப்ரொக்கட்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். முன் ஸ்ப்ரொக்கட், அந்த போல்ட், பின் அச்சு மூன்றும் நேர்கோட்டில் வரும்போது தூரம் கூடி செயின் உச்சமாக இறுகும். இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் விழும்போது வண்டி அந்த நிலைக்குத்தான் போகிறது. அங்கே தொய்வு மிச்சமில்லை என்றால் முனகாமல் என்ன செய்யும்?

அளப்பதற்கு ஒரு அடிமட்டம் போதும். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இரண்டு ஸ்ப்ரொக்கட்டுக்கும் நடுவில் கீழ்ப்பக்கச் செயினை விரலால் கீழே இழுத்து ஒரு அளவு, மேலே தள்ளி இன்னொரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொய்வு. சில்லைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், ஆக இறுக்கமான இடத்தின் அளவையே கணக்கில் எடுக்க வேண்டும். இந்த ரகப் பைக்குகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரும், ஆனால் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே இறுதி. நடு ஸ்டாண்டா, பக்க ஸ்டாண்டா என்பதையும் அதிலேயே பாருங்கள், அளவு மாறும். எஞ்சின் ஓடும்போது மட்டும் செயின் பக்கம் கை கொண்டு போகாதீர்கள், விரல் போய்விடும்.

சரி, உங்களுடையதைத் தளர்த்த வேண்டும். பின் அச்சு நட்டை இளக்கி, சில்லின் இரண்டு பக்கமும் உள்ள அஜஸ்டர் திருகுகளையும் ஒரே அளவு, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்புங்கள். அஜஸ்டர் சில்லைப் பின்னால் இழுக்கத்தான் செய்யும், முன்னால் தள்ளாது. ஆகவே சில்லை நீங்களே முன்னுக்குத் தள்ளிவிட வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இருபுறமும் ஒன்றாக நிற்கட்டும், இல்லாவிட்டால் சில்லு கோணும். நட்டை இறுக்கியபின் மறுபடி அளங்கள், இறுக்கும்போதே கொஞ்சம் மாறியிருக்கும். பின்னால் டிரம் பிரேக் என்றால் பிரேக் பிடிக்கும்முன் மிதி எவ்வளவு இறங்குகிறது என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயின் ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொளதொள. அஜஸ்டரும் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது. ஒரு கண்ணியை வெட்டிவிடலாமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வெட்டினால் நீளம் குறையும், தேய்மானம் குறையுமா? 428 என்ற அளவுச் செயினில் இரண்டு பின்னுக்கு இடையே 12.7 மில்லிமீற்றர். செயினை விறைப்பாகப் பிடித்து ஒரு பின்னின் நடுவில் இருந்து எண்ணினால் இருபதாவது இடைவெளி முடியும் இடம் 254 மில்லிமீற்றரில் வர வேண்டும். 259 ஆகிவிட்டதா, அது முடிந்த செயின். மரைன் டிரைவ் உப்புக் காற்றும் மழையும் வாங்கி, ஒயில் காணாமல் ஓடிய செயின் இப்படித்தான் ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் தேயும். செயினை மட்டும் மாற்றாதீர்கள், பழைய பல்லு புதுச் செயினையும் சீக்கிரம் தேய்த்துவிடும். உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்முன் கண்ணிகளையும் இரண்டு ஸ்ப்ரொக்கட்டின் பற்களையும் எண்ணி எழுதிக்கொண்டு போய், செட்டாகவே கேட்டு வாங்குங்கள்.