பிறந்தது சுவிஸில், ஆனாலும் வெளிநாட்டவர்

கேள்வி: என் அக்கா குடும்பம் நான்கு வருடமாக சூரிச்சில் இருக்கிறது. போன மாதம் அங்கே பெண் குழந்தை பிறந்தது. ‘சுவிஸ் குடிமகள் வந்துவிட்டாள்’ என்று தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தோம். அக்காவோ குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட் எடுக்க அலைகிறாள். அந்த நாட்டில் 27 சதவீதம் வெளிநாட்டவர் என்று ஓரிடத்திலும், 30க்கு மேல் என்று வேறிடத்திலும் படித்தேன். எங்கள் குழந்தை எந்தக் கணக்கில் வருவாள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுத்த இனிப்பு பிள்ளை பிறந்ததற்கு என்றே இருக்கட்டும், தங்கச்சி. சுவிஸ் மண்ணில் பிறந்ததற்காக மட்டும் குடியுரிமை வராது. தாய், தகப்பன் இருவரில் ஒருவராவது சுவிஸ் குடியாக இருக்க வேண்டும்.

நீங்கள் படித்த இரண்டு கணக்கும் சரிதான். 27 என்பது பாஸ்போர்ட்டைப் பார்த்து எண்ணியது. மற்றது பிறந்த ஊரைப் பார்த்து எண்ணியது. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பிறந்தது இலங்கையின் பருத்தித்துறை. 2006இல் சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்ததும் வெளிநாட்டவர் பட்டியலிலிருந்து என் பெயர் போய்விட்டது. வெளிநாட்டில் பிறந்தவன் என்பது மட்டும் சாகும்வரை போகாது. மகள் 1994இல் பெர்னில் பிறந்தவள். பெர்ன் ஊர்ப் பேச்சில்தான் சண்டை பிடிப்பாள். ஆனாலும் பன்னிரண்டு வயதுவரை அவள் ‘வெளிநாட்டவர்’. எந்த நாட்டிலிருந்து வந்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள்! இன்றைக்கும் சுவிஸில் வாழும் வெளிநாட்டவரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இங்கேயே பிறந்தவர். உங்கள் அக்கா மகளும் அவர்களில் ஒருத்தி.

இந்தத் துன்பம் நம்மவரோடு தொடங்கியதல்ல. 1986இல் வந்த புதிதில் நான் கோப்பை கழுவிய உணவகத்தில் ஒரு வயதான இத்தாலியர் சமையல்காரராக இருந்தார். அறுபதுகளில் கட்டட வேலைக்கு ‘ஏ’ என்ற பருவகால விசாவில் வந்தவர். வருடத்தில் ஒன்பது மாதம் வேலை, பிறகு ஊருக்குப் போய்விட வேண்டும்; மனைவி பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது. அவர் கூட்டிவந்தார். மகன் பகல் முழுக்க அறைக்குள் சத்தம் போடாமல் இருப்பானாம். பக்கத்து வீட்டில் காலடி கேட்டால் மூச்சையும் அடக்கிக்கொள்வானாம். இப்படி ஒளித்து வளர்த்தவர்களை ‘அலமாரிப் பிள்ளைகள்’ என்பார்கள்.

1970 ஜூன் 7 அன்று, ஜெனீவா தவிர எந்த மாநிலத்திலும் வெளிநாட்டவர் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது. 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் தோற்றது. வாக்களித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு வாக்குரிமை அடுத்த வருடம்தான் வந்தது. அன்று இரவு ரேடியோவுக்குப் பக்கத்தில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அந்த இத்தாலியர் சொல்வார். அந்தப் பருவகால விசா 2002இல்தான் ஒழிந்தது.

இனி உங்கள் விஷயம். இப்போதைய குடியுரிமைச் சட்டம் 2018இல் வந்தது. சுவிஸில் பத்து வருடம் வாழ்ந்திருக்க வேண்டும், கையில் ‘சி’ விசா, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, வேண்டும். 8 வயதிலிருந்து 18 வரையான ஒவ்வொரு வருடமும் இரண்டாகக் கணக்காகும். ஆனால் குறைந்தது ஆறு வருடமாவது உண்மையில் வாழ்ந்திருக்க வேண்டும். அக்காவும் அத்தானும் விண்ணப்பிக்கும்போது பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். நாடு, மாநிலம், ஊர்ச்சபை மூன்றும் சம்மதிக்க வேண்டும். ஊர்ச்சபையில் என்னிடம் குப்பைப் பையின் விலையைக் கூடக் கேட்டார்கள். நல்லகாலம், வீட்டில் குப்பை கொட்டுவது நான்தான்.

அக்காவுக்கு ஒன்று சொல்லுங்கள்: வாடகை குறைவென்று வேறு மாநிலத்துக்கு அவசரப்பட்டு மாற வேண்டாம். விண்ணப்பிக்கும் மாநிலத்திலேயே இரண்டு முதல் ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும் என்ற விதி தனியாக இருக்கிறது. இடம் மாறினால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.