பழைய ஏஎம் செட்: பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன். வால்வு செட்டில் ஏஎம் (குரலுக்கேற்ப ரேடியோ அலையின் வீச்சை மாற்றும் முறை) பேச ஆசை. ஜான்சன் வைக்கிங் ரேஞ்சர் டிரான்ஸ்மிட்டரையும் ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 ரிசீவரையும் ஜோடியாகத் தருகிறேன், டெஸ்ட் பண்ணியாச்சு என்கிறார் ஒரு வியாபாரி. வாங்கலாமா?

பதில்: ரேஞ்சரை யோசிக்கலாம். எஸ்-38 வேண்டாம். அதில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே கிடையாது. உள் சர்க்யூட் நேராக மின்கம்பியோடு சேர்ந்திருக்கிறது. அனுபவசாலியே பார்த்துக் கை வைக்க வேண்டிய செட் அது. ரிசீவரில் நீங்கள் பார்க்க வேண்டியது பேண்ட்விட்த், அதாவது அது உள்ளே விடும் அலைவரிசையின் அகலம். ஏஎம்முக்கு 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் குரல் குரலாகக் கேட்கும். ராணுவத்திலிருந்து வரும் ஆர்-390ஏ ரிசீவரில் 4, 8 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் உண்டு. ஆனால் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். எஸ்எஸ்பிக்கான (ஏஎம் சிக்னலின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை) குறுகிய ஃபில்டர் மட்டும் உள்ள செட்டில் கேட்டால், பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போலிருக்கும்.

சரி, டிரான்ஸ்மிட்டர். 'டெஸ்ட் பண்ணியாச்சு' என்றால் பெரும்பாலும் டயல் விளக்கு எரிந்தது என்றுதான் அர்த்தம். ஒதுங்கிக் கிடந்த செட்களை மொத்தமாக வாரி வந்து, பெட்டிக்கு பெயின்ட் அடித்து விற்கும் இடைத்தரகர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அடித்தட்டைக் கழற்றினால் அந்தக் காலத்து மெழுகுக் காகித கப்பாசிட்டர் அப்படியே இருக்கும். அது கசிந்தால் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) பாசிட்டிவ் வோல்ட் ஏறி, பிளேட் என்ற உலோகத் தகடு செவசெவ என்று சிவக்கும். அப்புறம் டிரான்ஸ்பார்மரும் போகும்.

குரலை ரேடியோ அலை மேல் ஏற்றும் மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் போனால்தான் உண்மையான அழுகை. ரேஞ்சர் ஏஎம்மில் 65 வாட் இன்புட். நூறு சதவீத மாடுலேஷனுக்கு அதில் பாதி, 32 வாட்டுக்கு மேல் ஆடியோ இந்த டிரான்ஸ்பார்மர் வழியாகப் போக வேண்டும். ஆன்டெனாவோ டம்மி லோடோ (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) மாட்டாமல் மைக்கில் கத்தினால், போக இடமில்லாத அந்த ஆடியோ உள்ளேயே வோல்டேஜாக எகிறி இன்சுலேஷனைப் பொத்துவிடும். மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. ஓம் மீட்டர் வைத்தால் அறுந்த கம்பி தெரியும், ஒட்டிய சுற்று தெரியாது. அதனால் டம்மி லோடு மாட்டி, அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் மாடுலேஷனைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தத் தொல்லை இல்லாத ஒரு விதிவிலக்கு ஹீத்கிட் டிஎக்ஸ்-60 டிரான்ஸ்மிட்டர். அதில் மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரே இல்லை. 6146 வால்வின் ஸ்கிரீன் என்ற முனையில் ஆடியோ ஏறுகிறது. கெட்டுப்போக ஒன்று குறைவு. ஆனால் அதன் கேரியர் (குரலைச் சுமக்கும் ரேடியோ அலை) குரலுக்குத் தக்கபடி ஏறி இறங்கும். நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் கேரியர் சுருங்கும், எதிர்முனையில் ரிசீவரின் ஏவிசி (சத்தத்தைத் தானாகச் சமன் செய்யும் பகுதி) தளர்ந்து இரைச்சல் குபீரென்று மேலே வரும். கேட்பவர் உங்கள் செட் பழுது என்பார். பழுதில்லை, அதன் குணமே அதுதான். முதல் செட்டாக அதையே சொல்வேன்.

லைசென்ஸ் பரீட்சையில் ரெசனன்ஸ் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அணைத்த பிறகும் பில்டர் கப்பாசிட்டரில் பல நூறு வோல்ட் காத்திருக்கும், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அதை டிஸ்சார்ஜ் பண்ணு என்று சொல்லித்தர ஆளில்லை. மூடியைக் கழற்றும் முன் அதைத் தெரிந்த ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வியாபாரியிடம் இன்றைக்கே அடித்தட்டைக் கழற்றிய படம் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.