செத்த கேரக்டர் எங்கே போகும்? அலைன்மென்ட், ஆன்மா, மறுமை: கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை விளையாட்டை ஆடுகிறவர்கள் கேட்டவற்றில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். டிஎம் என்பவர் ஆட்டத்தை நடத்துகிறவர். அலைன்மென்ட் என்பது கேரக்டரின் குணம்: லாஃபுல்-நியூட்ரல்-கேயாட்டிக் (ஒழுங்கு), குட்-நியூட்ரல்-ஈவில் (நன்மை) என்று இரண்டு அச்சு. பதில்கள் 2014 ஐந்தாம் பதிப்பின்படி. பழைய பதிப்பு வேறு மாதிரி சொன்னால் அங்கங்கே குறிப்பிடுகிறேன். எந்த உலகத்தில் ஆடுகிறோம் என்று சொல்லாதவர்களுக்கு கிரேட் வீல், அதாவது மறுமைத் தளங்களைச் சக்கரமாக அடுக்கிய அமைப்பை வைத்தே பதில்.

புது டிஎம்: அண்ணா, கேரக்டர் செத்ததும் தீர்ப்பு சொல்றது யாரு? எமன், சித்திரகுப்தன் மாதிரி யாராச்சும் இருக்காங்களா?

கிரேட் வீலில் இல்லை. அந்தக் கணக்குப்பிள்ளை நினைப்பை முதலில் மூட்டை கட்டி வையுங்கள். இங்கே யாரும் பாவ புண்ணியத்தைக் கூட்டிக் கழிப்பதில்லை. எண்ணெய் தண்ணீரில் மிதக்க யாரும் உத்தரவு போடுவதில்லை அல்லவா? அதுபோல ஆன்மா தன் குணத்துக்கு ஒத்த தளத்துக்குத் தானாகப் போய்ச் சேர்கிறது. ஒரு தெய்வத்தை உண்மையாகக் கும்பிட்டிருந்தால் அந்தத் தெய்வம் குடியிருக்கும் இடத்துக்கு.

வெளித்தளங்கள் 16. நடுவில் அவுட்லாண்ட்ஸ், அது முழு நியூட்ரலுக்கு. மீதி எட்டு அலைன்மென்ட்டுக்கும் ஆளுக்கொரு தளம்: லாஃபுல் குட் மவுண்ட் செலஸ்டியா, நியூட்ரல் குட் எலிசியம், கேயாட்டிக் குட் ஆர்போரியா, கேயாட்டிக் நியூட்ரல் லிம்போ, கேயாட்டிக் ஈவில் அபிஸ், நியூட்ரல் ஈவில் ஹேடீஸ், லாஃபுல் ஈவில் நைன் ஹெல்ஸ், லாஃபுல் நியூட்ரல் மெக்கானஸ். ஒவ்வொரு ஜோடிக்கும் இடையில் இன்னொன்று என்று பாக்கி எட்டு.

பல டிஎம்கள் இந்த இடைத்தளங்களைத் தொடுவதே இல்லை, ஆனால் சுவை அங்கேதான். சட்டப் புத்தகத்தை விட்டு ஓர் அங்குலம் நகராத, ஆனால் ஏழைக்கு இரங்குகிற காவல் தலைவன் மெக்கானஸுக்கும் செலஸ்டியாவுக்கும் நடுவில் ஆர்கேடியாவுக்குப் போவான். அதே தலைவன் 'உத்தரவு வந்தது, ஊரைக் கொளுத்தினேன்' என்கிற ரகமென்றால் மறுபக்கம் அக்கரான்: முடிவில்லாத போர், முடிவில்லாத அணிவகுப்பு.

ரோக் மூணாம் லெவல்: பத்து வருஷம் நல்லவனா இருந்துட்டு கடைசி செஷன்ல ஒரு கொலை பண்ணிட்டேன். டிஎம் உடனே 'நீ ஈவில்'னு எழுதிட்டார். சரியா?

அவசரப்பட்டிருக்கிறார். அலைன்மென்ட் என்பது பழக்கம். ஒரு நாள் குடித்தவன் குடிகாரன் ஆகிவிட மாட்டான். ஐந்தாம் பதிப்பில் அலைன்மென்ட் மாறினால் தண்டனை எதுவும் இல்லை. 1979இல் வந்த முதல் பதிப்பு டிஎம் கையேட்டில் ஒரு லெவலே போய்விடும். அந்தப் பயம் பழைய ஆட்டக்காரர்களிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சாகும் நேரத்தில் எது நிலையான குணமோ அதுதான் ஆன்மாவின் திசை. முடிவெடுக்கத் திணறினால் கடைசி நான்கைந்து செஷன்களில் அந்தக் கேரக்டர் தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே எடுத்த முடிவுகளை மட்டும் எழுதிப் பாருங்கள். செலவில்லாத நல்லதும், கோபத்தில் பேசிய வசனமும் கணக்கில் வேண்டாம். நஷ்டப்பட்டும் யாரைக் காப்பாற்றினான், நஷ்டப்பட்டும் எந்த வாக்கைக் காப்பாற்றினான்: முதலாவது குட்-ஈவில் அச்சு, இரண்டாவது லா-கேயாஸ் அச்சு. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. உங்கள் கொலைக்குப் பிறகு கேரக்டர் என்ன செய்தான் என்று பார்க்காமல் தாளில் கை வைக்கக் கூடாது.

வார்லாக் ரசிகை: போன ஆன்மா அங்கே என்னவா இருக்கும்? பழைய நினைவு இருக்குமா?

இப்படிப் போய்ச் சேர்ந்தவரை பெட்டிஷனர் என்பார்கள். பொதுவாக வாழ்ந்த நினைவு அழிந்துவிடும், குணம் மட்டும் மிஞ்சும். உருவம் தளத்தைப் பொறுத்தது. பீஸ்ட்லாண்ட்ஸில் விலங்காக. இஸ்கார்டில் போர்வீரனாக, இன்று வெட்டுப்பட்டாலும் மறுபடி எழுந்து சண்டைக்குப் போவான். ஹேடீஸில் மனித முகம் கொண்ட புழு, பெயர் லார்வா. அபிஸில் மேனிஸ். நைன் ஹெல்ஸில் லெமூர்.

லெமூரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். உருகிய மெழுகு போன்ற சதைக் குவியல், அதில் ஒரு முகத்தின் மிச்சம். ஆர்மர் கிளாஸ் (தற்காப்பு) 7, ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) 13, வேகம் 15 அடி. மூன்றாம் லெவல் கோஷ்டி ஊதித் தள்ளிவிடும். ஆனால் நைன் ஹெல்ஸுக்குள் செத்தால் 1டி10 (பத்து முகப் பகடை ஒன்றை உருட்டி வரும் எண்) நாளில் முழு ஹிட் பாயின்ட்டோடு திரும்ப எழும். இதை நிறுத்த இரண்டே வழி: குட் அலைன்மென்ட் உள்ள ஒருவர் மீது பிளெஸ் மந்திரம் இருக்கும்போது அவர் கையால் சாக வேண்டும், இல்லையென்றால் மிச்சத்தின் மேல் புனித நீர் தெளிக்க வேண்டும். போன வருடம் கோஷ்டி கொன்ற கொடுங்கோல் பிரபு இன்று இந்தக் குவியலாக ஊர்வதைக் காட்டிப் பாருங்கள், மேசையில் பேச்சே நின்றுவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். லெமூருக்கு அது வெறும் தண்டனைக் கூடம் இல்லை, ஏணியின் அடிப்படி. மேலே இருக்கும் டெவில் நினைத்தால் அடுத்த படிக்கு ஏற்றிவிடும். அதனால்தான் லாஃபுல் ஈவில் ஆட்கள் நரகத்துக்குப் பயப்படாமல் வாழ்கிறார்கள். மேலே வந்துவிடலாம் என்று ஒவ்வொருவனும் நம்புகிறான்.

நாலு செஷன் கிளெரிக்: கையில 500 பொற்காசு வைரம் இருக்கு, ரெய்ஸ் டெட் போட்டோம், ஆள் எழலை. டிஎம் காரணம் சொல்ல மாட்டேங்கறார்.

வரிசையாகச் சரிபாருங்கள். இறந்து 10 நாளுக்குள் இருக்க வேண்டும். தலை போன்ற உயிர்நிலை உறுப்பு இருக்க வேண்டும். வெட்டிய தலையை ரெய்ஸ் டெட் முளைக்க வைக்காது. உடல் அன்டெட் (நடமாடும் பிணம்) ஆகியிருக்கக் கூடாது. வைரம் ஒரே கல்லாக இருக்க வேண்டும். சில்லறை வைரங்களைச் சேர்த்து 300க்குக் காட்டினால் ரிவிவிஃபை என்ற இன்னொரு உயிர்ப்பு மந்திரம் ஏற்கும், ரெய்ஸ் டெட் ஏற்காது. மந்திரம் போட ஒரு மணி நேரம் ஆகும், நடுவில் சண்டை வந்தால் போச்சு.

இதெல்லாம் சரியாக இருந்தும் எழவில்லை என்றால் காரணம் அந்தப் பக்கம். ஆன்மா சுதந்திரமாக இருக்க வேண்டும், வர விருப்பமும் வேண்டும். கூப்பிடுகிறவரின் பெயர், அலைன்மென்ட், அவர் கும்பிடும் தெய்வம் மூன்றும் ஆன்மாவுக்குத் தெரிந்துவிடும். லாஃபுல் குட் பாலடின் செத்தான், கோஷ்டியிலோ ஆள் இல்லை, அதனால் கூலிக்கு ஒரு ஈவில் பூசாரியைப் பிடித்து வந்தீர்கள் என்றால் பாலடின் 'வேண்டாம்' என்று சொல்ல முழு உரிமை உண்டு. கேள்வியில் உங்கள் தெய்வம் எது என்று எழுதவில்லை. அங்கே தேடுங்கள்.

எழுந்தாலும் எல்லா அட்டாக், சேவிங் த்ரோ, அபிலிட்டி செக் பகடைக்கும் −4. ஒவ்வொரு லாங் ரெஸ்ட்டுக்கும் (நீண்ட ஓய்வு) 1 குறையும். நாள் கடக்கும் என்று பயமிருந்தால் பிணத்தைக் காக்கும் ஜென்டில் ரிபோஸ் மந்திரம் போட்டு வையுங்கள். சிட்டிகை உப்பும், இரண்டு கண் மேலும் ஒவ்வொரு செப்புக்காசும். நம் ஊரில் நெற்றியில் வைப்போம், இங்கே கண்ணில். அந்த 10 நாளும் கெடுவில் சேராது. காசு இடம் மாறாமல் இருக்க வேண்டும். வண்டியில் பிணத்தை ஏற்றிப் போகும் கோஷ்டிகள் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி மேல் கேள்வி: பிணத்தைப் பேச வைக்கும் ஸ்பீக் வித் டெட் மந்திரம் போட்டு 'சொர்க்கம் எப்படி இருக்கு'ன்னு கேட்டோம். டிஎம் விலாவாரியா சொன்னார்!

நல்ல கற்பனை, தப்பான விதி. வருவது ஆன்மா இல்லை, உடலில் தங்கிய உயிர்ப்பின் எச்சம். உயிரோடு இருந்தபோது தெரிந்ததுதான் அதற்குத் தெரியும். 10 நிமிடம், 5 கேள்வி, வாய் இருக்க வேண்டும். நீங்கள் எதிரி என்று தெரிந்தால் உண்மை சொல்லவும் கட்டாயமில்லை.

சாமி இல்லாதவன்: ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் நாத்திகன் சுவரில் புதைக்கப்படுவான்னு சொல்றாங்களே, நிஜமா?

இங்கே ஆட்டமே வேறு. இந்த உலகில் தீர்ப்பு உண்டு. செத்த ஆன்மா முதலில் ஃபியூக் பிளேன் என்ற சாம்பல் நிறச் சமவெளியில் வந்து நிற்கும். தெய்வத்தின் தூதர்கள் வந்து தங்கள் பக்தர்களைக் கூட்டிப் போவார்கள். யாரும் கூப்பிட வராதவர்கள் சாவுத் தெய்வம் கெலம்வோரின் நகரத்துக்கு. பதிவேடு ஜெர்கல் கையில். புது டிஎம் தேடிய சித்திரகுப்தன் இவர்தான்!

யாரும் கூப்பிட வராத இந்த ஆன்மாக்கள் இரண்டு வகை. ஒரு தெய்வத்தை நம்புவதாகச் சொல்லித் துரோகம் செய்தவர்கள் ஃபால்ஸ்; அவர்களுக்கு நகரத்திலேயே தண்டனை, அளவு குற்றத்தைப் பொறுத்தது. எந்தத் தெய்வத்தையும் ஏற்காதவர்கள் ஃபெய்த்லெஸ். அவர்களை அந்த நகரத்தின் சுவரில் பதித்துப் பூசிவிடுவார்கள், ஆன்மா மெல்ல மெல்லக் கரைந்து சுவராகும். கட்டியவர் கெலம்வோருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்த மிர்க்குல்.

இங்கேதான் அலைன்மென்ட் முட்டிக்கொண்டு நிற்கிறது. எந்தச் சாமியையும் கும்பிடாத உத்தமனுக்குச் சுவர், கொடூரத் தெய்வத்தை ஒழுங்காகக் கும்பிட்ட கொலைகாரனுக்கு எஜமான் வீட்டில் இடம். கெலம்வோர் மனிதனாக இருந்து தெய்வமானவர், அதனால் தொடக்கத்தில் நல்லவனுக்கு நல்லது என்று தீர்ப்பு சொல்லிப் பார்த்தார். நல்லவர்கள் சாவுக்கு அஞ்சாமல் போனார்கள், தெய்வங்களைக் கும்பிடுவதும் குறைந்தது. மற்ற தெய்வங்கள் சும்மா இருப்பார்களா? கடைசியில் அவர் தன் இரக்கத்தை ஒதுக்கிவைத்து நடுநிலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த உலகில் தெய்வத்துக்குச் சோறு பக்திதான். சுவர் ஒரு வரி வசூல் ஏற்பாடு என்பது என் கருத்து.

2015இல் வந்த அந்த உலகக் கையேட்டில் இருந்த சுவர் பற்றிய வரியை 2020 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். ஆகவே வைப்பதும் விடுவதும் உங்கள் கையில். வைப்பதானால் முதல் செஷனிலேயே சொல்லிவிடுங்கள். கேரக்டர் செத்தபிறகு சொன்னால் ஆட்டக்காரர் எழுந்து போவார், நியாயம்தான்.

ஈபெரான் ஆள்: எங்க உலகத்துக்கு?

சுருக்கம். நல்லவன் கெட்டவன் எல்லாரும் டோலுர்ர் என்ற ஒரே தளத்துக்கு. நினைவு மங்கி மறையும். அலைன்மென்ட்டுக்கு வேலை இல்லை.

கையெழுத்து போட்டவன்: லாஃபுல் குட் கேரக்டர், தங்கச்சியைக் காப்பாத்த டெவில்கிட்ட ஒப்பந்தம் போட்டான். குணம் இழுக்குமா, பத்திரம் இழுக்குமா?

பத்திரம். டெவில்களுக்கு ஒப்பந்தம் தேவைப்படுவதே இதற்காகத்தான். லாஃபுல் ஈவில் ஆன்மா எப்படியும் தானாக வரும், அதற்கு எதற்கு மை செலவு? ஃபியூக் பிளேனில் காத்திருக்கும் ஆன்மாக்களிடம்கூட டெவில்கள் வந்து பேரம் பேசுவார்கள்.

பிடிபட்ட ஆன்மாவைச் சில சமயம் நாணயமாக வார்ப்பார்கள். சோல் காயின்: நரக இரும்பு, சுமார் 5 அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன், ஒரு காசுக்கு ஓர் ஆன்மா, 3 சார்ஜ் (மூன்று முறை பயன்படுத்தலாம்). சாபம் நீக்கும் மந்திரம் போட்டாலும், மூன்று சார்ஜையும் தீர்த்தாலும் காசு உள்ளிருந்து துருப்பிடித்து நொறுங்கும், ஆன்மா விடுபடும். விடுபட்டதும் தன் தெய்வத்திடமோ தன் அலைன்மென்ட் தளத்துக்கோ போகும். அதாவது உங்கள் ஆள் செலஸ்டியா சேர வாய்ப்பு இருக்கிறது. ஆனால் காசுக்குள் இருந்தது லாஃபுல் ஈவில் ஆன்மா என்றால் இரக்கப்பட்டு விடுவித்தும் பயனில்லை, ஸ்டிக்ஸ் நதியிலிருந்து லெமூராக எழும். நரகப் போர் வண்டியின் உலையில் போட்டால் 24 மணி நேரம் ஓடும், ஆன்மா அழிந்தே போகும். 'ஒரு காசுதானே' என்று கோஷ்டி உலையில் போட்டால், டிஎம், அந்த முடிவைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நஷ்டக் கணக்கு என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஹேக் (சூனியக்கிழவி) பிடிப்பது வேறு கதை. நைட் ஹேகின் பைக்குள் ஈவில் மனிதர்களின் ஆன்மா மட்டுமே, அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். நல்லவன் கனவில் வந்து ஹேக் மிரட்டலாம், கொல்லலாம், பையில் போட முடியாது.

பாலடின் புதுசு: டிடெக்ட் ஈவில் மந்திரம் போட்டா யார் ஆன்மா நரகத்துக்குன்னு தெரியுமா?

தெரியாது. ஐந்தாம் பதிப்பில் அது 30 அடிக்குள் ஃபீண்ட் (நரகப் பிறவி), செலஸ்டியல் (வானவர்), அன்டெட் போன்ற இனங்களைக் காட்டும். கெட்ட மனிதன் பக்கத்தில் நின்றாலும் ஒன்றும் காட்டாது. மூன்றாம் பதிப்பில் காட்டியது, அதனால்தான் இந்தக் குழப்பம்.

சிகில் வாசி: தளம் ஆன்மாவை இழுக்குது சரி. ஆன்மாக்கள் தளத்தை மாத்துமா?

மாற்றும். ஆர்கேடியாவுக்கு முன்பு மூன்று அடுக்கு. மூன்றாவதான நெமாசஸில் ஹார்மோனியம் என்ற அமைப்பு ஆட்களைத் திருத்துகிறோம் என்று முகாம்கள் போட்டது. ஒழுங்கு மிஞ்சியது, நன்மை கழன்றது, அடுக்கு மொத்தமும் மெக்கானஸுக்கு நழுவிப் போனது. அங்கே யாரும் கெட்டது செய்வதாக நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவுட்லாண்ட்ஸ் ஓரத்தில் உள்ள 16 வாசல் நகரங்களுக்கும் இதே ஆபத்துதான். கார்செரி தளத்தின் வாசலில் உள்ள கர்ஸ்ட் நகரம் துரோகத்தில் ஊறி அந்தப் பக்கம் நழுவுவதையும், அதைத் திரும்ப இழுப்பதையும் 1999இல் வந்த ஒரு கணினி விளையாட்டில் ஆடியே பார்க்கலாம். கேம்பெய்னில் வைக்க விரும்பினால் நகரத்துக்கு 10 புள்ளி கொடுத்துத் தொடங்குங்கள். மக்கள் தங்களுக்குள் காட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் 1 கழியுங்கள், ஒருவரையொருவர் காப்பாற்றினால் 1 கூட்டுங்கள். ஹீரோக்கள் செய்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் விருந்தாளிகள், நகரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் குடியிருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 3க்குக் கீழே வந்தால் கிணற்றுத் தண்ணீர் கசக்கத் தொடங்கட்டும். 0 ஆனால் மறுநாள் காலையில் வானத்தின் நிறமே வேறு.