லிஸ்பனிலிருந்து பதில்கள்: காபி 'வேண்டியிருந்தது'

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மொழியைப் பற்றியே. விசா, வாடகை, வங்கிக் கணக்கு எல்லாம் அடுத்த இதழில்.

என் மகள் போர்ட்டோவில் வேலையில் இருக்கிறாள். நானும் மனைவியும் அங்கே போய்த் தங்கப் போகிறோம். வங்கியில் முப்பது வருஷம் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்தவன். வயது 58. இனிமேல் போர்ச்சுகீசியம் ஏறுமா? எத்தனை மாதம் ஆகும்?
(வாசகர், கோவை)

ஏறும் ஐயா. மாதக் கணக்குதான் கொஞ்சம் இழுக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு எந்த மொழிக்கு எத்தனை வாரம் என்று அவர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. போர்ச்சுகீசியத்துக்கு 24 வாரம். நம் தமிழுக்கு 44! அந்த 44 வாரப் பாடத்தை நீங்கள் தொட்டிலிலேயே முடித்துவிட்டீர்கள். ஆனால் அவர்களுக்குப் படிப்பதுதான் வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு. பேரனைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கி, மிச்ச நேரத்தில் படிக்கிற நமக்கு ஒன்றரை வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் இருபது வருஷம் ஆங்கில டீச்சர். 46 வயதில் அல்மாடாவுக்கு வந்து சேர்ந்தேன். லிஸ்பனுக்கு எதிர்க்கரை, தேஜு ஆற்றில் படகு ஏறினால் பத்து நிமிஷம். அரசு நடத்தும் இலவச மாலை வகுப்பில் என் பக்கத்து இருக்கை, மான்செஸ்டரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்கு. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியும் என்ற மிதப்பு. முதல் மாதம் அந்த மிதப்புக்குத் தீனியும் கிடைத்தது. இன்ஃபர்மேஷன், நேஷன் மாதிரி 'ஷன்' என்று முடிகிற ஆங்கில வார்த்தையை 'ஸௌ' என்று மூக்கால் முடித்தால் பெரும்பாலும் போர்ச்சுகீசியம் ஆகிவிடும். யுனிவர்சிட்டி 'உனிவெர்சிதாத்' ஆகும், சிட்டி 'சிதாத்' ஆகும். ஒரே வாரத்தில் நோட்டில் ஐந்நூறு வார்த்தை சேர்ந்துவிட்டது.

இரண்டாவது மாதம் அடி விழுந்தது. இங்கே கடைக் கதவுகளில் 'PUXE' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கும். வாய்விட்டுப் படித்தால் 'புஷ்'. அர்த்தம், 'இழு'. நானும் தபால்காரரும் ஒரு பேக்கரிக் கதவைத் தள்ளு தள்ளு என்று தள்ள, உள்ளே உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். இன்னொரு நாள் மருந்துக் கடையில் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்க, கடைப் பெண் "கோன்ஸ்திபாதுவா?" என்று கேட்டாள். ஜலதோஷமா என்று கேட்கிறாள். அவர் காதில் விழுந்ததோ மலச்சிக்கல். முகம் சிவந்து, "நோ, நோ" என்று கையை ஆட்டினார் பாவம்.

கிழமைகளிலும் ஜாக்கிரதை. இங்கே திங்கள் முதல் வெள்ளி வரை கிரகப் பெயர் கிடையாது, எண்தான். வடக்குப் போர்ச்சுகலில் உள்ள பிரகா நகரத்தில் ஆறாம் நூற்றாண்டில் இருந்த மார்த்தின்ஹு என்ற ஆயர், அஞ்ஞானிகளின் தெய்வப் பெயர்களில் கிழமைகளைச் சொல்லக் கூடாது என்று எதிர்த்தவர்; இந்த வழக்கத்தை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஞாயிறு முதல் நாள், ஆகையால் திங்கள் 'இரண்டாவது'. 'கிந்தா' என்றால் ஐந்தாவது, அதாவது வியாழன். நான் திங்களிலிருந்து விரல் விட்டு எண்ணி வெள்ளிக்கிழமை ஓர் அலுவலகத்தில் போய் நின்றேன். டோக்கன் நேற்றே காலாவதி. அடுத்தது கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று.

ஆறு மாதம் கைப்பேசிச் செயலியில் தினமும் படித்தேன். லிஸ்பன் விமான நிலையத்தில் ஒரு வரிகூடப் புரியவில்லை. என் மேல் தவறா, செயலி மேல் தவறா?
(வாசகி, சென்னை)

இரண்டு பேர் மேலும் இல்லை. செயலிகள் பெரும்பாலும் பிரேசில் பேச்சைத்தான் கற்றுத்தரும். அங்கே இருபது கோடிப் பேர், இங்கே ஒரு கோடி. பிரேசிலில் உயிரெழுத்தை எல்லாம் வாய் நிறையச் சொல்வார்கள். லிஸ்பன்காரர்கள் அழுத்தம் விழாத உயிரை விழுங்கிவிடுவார்கள். எழுத்தில் 'தெலெஃபோன', வாயில் 'த்ல்ஃபான்'. சின்னது என்பதற்கு எழுத்தில் 'பெகெனு', வாயில் 'ப்கேனு'. கடைசி ஸ எல்லாம் 'ஷ்' ஆகிவிடும். தூரத்திலிருந்து கேட்டால் ரஷ்ய மொழி மாதிரி இருக்கும்.

எழுத்துத் தமிழ் மட்டும் படித்த ஒரு வெள்ளைக்காரர் மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார் என்று வையுங்கள். 'வந்துகொண்டிருக்கிறான்' என்று படித்தவர் காதில் 'வந்துட்ருக்கான்' என்று விழும். அவர் படித்தது வீண் இல்லை. காதுக்கு மட்டும் தனி ட்யூஷன் வேண்டும். நான் செய்தது: சமையலறையில் தினமும் அரை மணி நேரம் அந்தேனா 1 வானொலி, புரிந்தாலும் புரியாவிட்டாலும். இரவில் தொலைக்காட்சிக்குப் போர்ச்சுகீசிய எழுத்துதான் கீழே ஓட வேண்டும். ஆங்கில எழுத்து ஓடினால் கண் படிக்கும், காது தூங்கிவிடும்.

வார்த்தையும் மாறும். ரயிலுக்குச் செயலி 'த்ரெங்' என்று சொல்லியிருக்கும், இங்கே 'கொம்போயு'. பஸ் அங்கே 'ஓனிபுஸ்', இங்கே 'ஔட்டொகார்ரு'. இதெல்லாம் இரண்டு வாரத்தில் பழகிவிடும், விடுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல சேதி. ஆங்கிலேயர்கள் வருஷக்கணக்கில் திண்டாடுகிற ஒலிகள் நமக்கு நாக்கிலேயே இருக்கின்றன. ரொட்டிக்கு 'பௌ' என்று தொடங்கி மூக்கில் முடிக்க வேண்டும். மூக்கை விட்டுவிட்டால் அது 'குச்சி'. என் தபால்காரர் இரண்டு வருஷமாகப் பேக்கரியில் குச்சிதான் கேட்டார். 'நான் வந்தேன்' என்பதை வேகமாகப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். கடைசி ன் முழுதாக வருகிறதா? மூக்கில்தானே கரைகிறது? அதே மூக்குதான். ஒயினுக்கு 'வீஞு'. அந்த 'ஞ' வராமல் அவர் 'வீன்-யோ' என்று இரண்டாக உடைப்பார். நான் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லி வளர்ந்தவள்.

ஆங்கிலம் வழியாகப் படிப்பது நல்லதா, தமிழ் வழியாகவா? வினைச்சொல் அட்டவணையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.
(வாசகர், திருச்சி)

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், மனசு தமிழில் இருக்கட்டும். 'ஃபாலு' என்றால் பேசுகிறேன். 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டாம், வாலிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறார். 'பேசுகிறேன், பேசுகிறாய்' என்று மாற்றிப் பழகிய நமக்கு இதில் என்ன பயம்? ஆங்கிலேயர்கள்தான் வாக்கியத்துக்கு வாக்கியம் 'எவு, எவு' என்று நானை முன்னால் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

'ஆமாம்' சொல்வதிலும் இதே கதை. "பசிக்குதா?" என்றால் நாம் "பசிக்குது" என்போம். இங்கேயும் "தெங்ஷ் ஃபோம?" என்று கேட்டால் பதில் "தேஞு"; கேட்ட வினையையே திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் 'சிங்' என்று தலையாட்டினால் புரியும், ஆனால் வெளியூர் என்று தெரிந்துவிடும்.

நீ, நீங்கள் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பிரேசிலில் எல்லாரையும் அழைக்கிற 'வொசே', போர்ச்சுகலில் பல பேர் காதில் மட்டு மரியாதை இல்லாமல் விழும். இங்கே மரியாதைக்கு ஆளை எதிரில் வைத்துக்கொண்டே பேரைச் சொல்லிப் படர்க்கையில் கேட்பார்கள்: "மரியாவுக்குக் காபி வேண்டுமா?" என்று மரியாவிடமே. 'அம்மா சாப்பிட்டாச்சா?' என்று அம்மாவிடமே கேட்கிற நமக்கு இது வினோதமே இல்லை. மான்செஸ்டர்காரர் யார் அந்த மரியா என்று திரும்பிப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் பாண், கதிரை, குசினி, சப்பாத்து, அலவாங்கு என்றுதான் சொல்வோம். எல்லாம் போர்ச்சுகீசியமாமே?
(வாசகி, யாழ்ப்பாணம்)

ஓம் அக்கா, எல்லாமே. 1505-இல் இலங்கைக் கரையில் இறங்கியவர்கள், 1619-இல் யாழ்ப்பாண அரசையே பிடித்தவர்கள், வார்த்தைகளை விட்டுவிட்டுப் போனார்கள். உங்கள் 'பாண்' அந்த மூக்கொலியை 'ண்' ஆக்கிப் பத்திரமாக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களும் சிரிக்க வேண்டாம்: சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை, பொத்தான், ஏலம், அன்னாசி எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். பதிலுக்கு நாமும் கொடுத்திருக்கிறோம். இங்கே காய்ச்சல் வந்தால் கோழி போட்டுக் குடிக்கிற அரிசி சூப்புக்குப் பெயர் 'கன்ஜா'. நம் பக்கத்துக் கஞ்சிதான் கப்பலேறி வந்திருக்கிறது. 1554-இல் லிஸ்பனில் தமிழும் போர்ச்சுகீசியமும் சேர்ந்த ஒரு ஞானோபதேச நூலை அச்சிட்டார்கள். தமிழை ரோமன் எழுத்தில் போட்டிருந்தார்கள். நாம் வாட்ஸப்பில் செய்கிற வேலை.

நான் போர்ச்சுகீசியத்தில் ஆரம்பித்தால் அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. எப்போதுதான் நாம் பேசுவதை மதிப்பார்கள்?
(வாசகர், லிஸ்பன்)

உங்களை மட்டம் தட்ட அல்ல. இங்கே ஆங்கிலப் படங்களுக்குப் பெரும்பாலும் டப்பிங் கிடையாது, கீழே எழுத்துதான். சின்ன வயதிலிருந்தே காதில் ஆங்கிலம் விழுந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அவசரம், உங்களுக்குப் படிப்பு. ஆகையால் அவசரம் இல்லாத ஆட்களைப் பிடியுங்கள். சுற்றுலாக்காரர்கள் மொய்க்கிற பைஷா பக்கம் போகாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்துச் சந்தையில் மீன்காரம்மா, முடிதிருத்துகிறவர், பேருந்து நிறுத்தத்துப் பாட்டிகள். இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, தெரிந்தாலும் பேசப் பொறுமை இருக்காது. நான் மத்தி மீன் வாங்கியே இறந்தகாலம் கற்றேன். "நேற்று வாங்கியது நன்றாக இருந்தது" என்று சொல்ல மூன்று வாரம் பயிற்சி.

மதிப்பு எப்போது வந்தது என்றால், எனக்குக் கிழமையே ஞாபகம் இருக்கிறது, ஒரு கிந்தா. கசில்யாஷ் படகுத்துறைக்கு எதிரே ஒரு காபிக்கடை. இங்கே காபி கேட்கும்போது 'கேரு', வேண்டும் என்று சொன்னால் அதிகாரம் மாதிரி இருக்கும். 'கெரீயா', அதாவது 'வேண்டியிருந்தது' என்று இறந்தகாலத்தில் கேட்பதுதான் பணிவு. கேட்டேன். மீசைக்காரப் பெரியவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "கெரீயா? இப்போது வேண்டாமா?" என்றார். ஒரு விநாடி எனக்கு விளங்கவில்லை. பிறகு பிடிபட்டது: இது இந்த ஊர்ப் பழைய கிண்டல், வேற்று ஆளிடம் செய்ய மாட்டார்கள்.

"ஐந்தா கேரு," இன்னும் வேண்டும், என்றேன்.

காபியை வைத்தார். சர்க்கரைப் பொட்டலம் இரண்டு.

வகுப்பு முடிந்ததும் தபால்காரரிடம் சொன்னேன். மறுநாளே அந்தக் கடைக்குப் போய் 'கெரீயா' என்று கேட்டிருக்கிறார். பெரியவர் "ஒன் காபி, சார்?" என்றாராம். அவர் இன்னும் தினமும் அங்கேதான் போகிறார்.