வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஒரு லுத்தரன் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையும் பண்டிகைக் காலங்களும் எப்படி இருக்கும்?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் லுத்தரன் குடும்பத்தில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்றும், பண்டிகைக் காலங்களை எவ்வாறு கடைப்பிடிக்கிறோம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் ஒரே பதில்தான். பள்ளியில் மணியும் கால அட்டவணையும் செய்கிற வேலையை இங்கே ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் விசுவாசத்தின் அடிப்படைகளை விளக்கி எழுதிய சிறிய ஞானோபதேசமும், பண்டிகைகளையும் காலங்களையும் வரிசைப்படுத்தும் திருச்சபை ஆண்டும் செய்கின்றன. ஞானோபதேசம் எங்கள் நாளை ஒழுங்குபடுத்துகிறது. திருச்சபை ஆண்டு எங்கள் மாதங்களை ஒழுங்குபடுத்துகிறது.

வீட்டுக்கல்விக்கு லுத்தரையே முன்னோடியாகக் காட்டுவோர் எங்கள் வட்டத்தில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. 1524-ல் ஜெர்மானிய நகரங்களின் ஆட்சிமன்றத்தாருக்கு அவர் எழுதிய கடிதம், ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிகளை நிறுவும்படி வற்புறுத்துகிறது. பெரும்பாலான பெற்றோருக்குக் கற்பிக்கும் திறமையோ நேரமோ இல்லை என்பதும் அதில் அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. போதாக்குறைக்கு, அவர் பிறந்த நாட்டில் இன்று பள்ளிக்குச் செல்வது கட்டாயம் என்பதால் வீட்டுக்கல்விக்கு ஏறத்தாழ இடமே கிடையாது. நாங்கள் அவரிடமிருந்து பெற்றுக்கொண்டது வேறு. 1529-ல் வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தின் பகுதிகளுக்கு, குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிய முறையில் கற்பிக்க வேண்டிய விதம் என்றே அவர் தலைப்பிட்டார். பிள்ளைகள் பள்ளிக்குப் போனாலும் போகாவிட்டாலும் விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்கு உண்டு என்பதே அதன் கருத்து. அதோடு கணிதத்தையும் இலக்கணத்தையும் சேர்த்துச் சுமக்க முன்வந்தது எங்கள் சொந்த முடிவு. அதற்கு லுத்தரைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமாகாது.

காலை ஜெபத்துக்கான ஒழுங்கை ஞானோபதேசமே தருகிறது. எழுந்ததும் சிலுவை அடையாளமிட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் சொல்லி, விரும்பினால் ஒரு சிறு ஜெபத்தையும் சேர்த்துக்கொண்டு, பிறகு ஒரு பாட்டைப் பாடியபடி மகிழ்ச்சியோடு வேலைக்குப் போ என்கிறது அது. சிறு பிள்ளைகள் எவ்வளவு நேரம் அடங்கி இருப்பார்கள் என்பதை அறிந்த ஒரு தகப்பன் எழுதிய ஒழுங்கு என்பது பார்த்தாலே தெரியும். இரவு ஜெபம் முடிந்தவுடன் உடனே நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார்; இன்னும் ஒரு கதை வேண்டுமென்று அடம்பிடிக்கும் எங்கள் இளையவனிடம் இந்த வரியைத்தான் அடிக்கடி எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

ஜெபம் முடிந்ததும் கணிதம், மொழி, வாசிப்பு என்று பாடங்கள் நண்பகல் வரை நடக்கும். இதில் மற்ற வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கும் எங்களுக்கும் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. ஞானோபதேச மனப்பாடத்துக்குத் தனி நேரம் உண்டு: வாரத்துக்குப் பத்துக் கட்டளைகளில் ஒன்று அல்லது கர்த்தருடைய ஜெபத்தின் ஒரு விண்ணப்பம், அதன் விளக்கத்தோடு. மனப்பாடம் செய்விப்பது பழைய முறை என்று குறை சொல்வார்கள். ஆனால் மனத்தில் பதிந்த வாசகம் வேண்டிய நேரத்தில் தானே வந்து நிற்கும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளைக்கு லுத்தர் தரும் விளக்கம், பொய் பேசாமல் இருப்பதோடு நின்றுவிடுவதில்லை; பிறருக்காகப் பரிந்து பேசவும், அவர்களைப் பற்றி நல்லதையே சொல்லவும், அவர்கள் செய்வதையெல்லாம் இயன்றவரை நல்ல நோக்கிலேயே பார்க்கவும் சொல்கிறது. பிள்ளைகளுக்குள் சண்டை வந்து ஒருவர்மேல் ஒருவர் கோள் சொல்ல வரும்போது, நான் வாய் திறப்பதற்கு முன்பே மூத்தவள் இந்த விளக்கத்தைச் சொல்லிவிடுகிறாள், பெரும்பாலும் தம்பிக்கு எதிராக. (பல புராட்டஸ்டண்டு சபைகளில் இது ஒன்பதாம் கட்டளை. எண்ணிக்கையில் நாங்கள் கத்தோலிக்கரோடு ஒத்துப்போவதால், பிற சபை நண்பர்களுடன் பேசும்போது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குழப்பம் வருவதுண்டு.)

வீட்டு வேலைகளையும் படிப்பின் பகுதியாகவே வைத்திருக்கிறோம். தகப்பன் குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைப்பதைக் கண்டு ஊரார் நகைக்கலாம், ஆனால் அவன் அதை விசுவாசத்தோடு செய்யும்போது தேவன் தம் தூதர்களோடும் படைப்புகள் அனைத்தோடும் மகிழ்ந்து சிரிக்கிறார் என்று 1522-ல் திருமண வாழ்வைப் பற்றி எழுதியபோது லுத்தர் குறிப்பிட்டார். பாத்திரம் கழுவுவதும் ஓர் அழைப்பு என்னும் கருத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க அந்த ஒரு பகுதியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இனி ஆண்டுக்கு வருகிறேன். திருச்சபை ஆண்டு தொடங்குவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறன்று, அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று. எங்கள் பாட ஆண்டையும் அன்றே தொடங்குகிறோம். கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் இந்த வருகைக் காலத்துக்கு வீடுகளில் ஏற்றப்படும் மெழுகுவர்த்தி வளையம் லுத்தரன் இறையியலாளர் யோகான் ஹின்ரிச் விகெர்ன் 1839-ல் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்காகத் தாம் நடத்திய இல்லத்தில் ஏற்படுத்திய வழக்கம். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்திகளையும் மற்ற நாட்களுக்குச் சிறியவற்றையும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றிவந்தார். இப்போது பெரும்பாலும் நான்கை மட்டுமே வைக்கிறார்கள். நாங்கள் பழைய முறையையே பின்பற்றுகிறோம். சிறிய மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கை 18-லிருந்து 24 வரை ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்த ஆண்டுக்கு எத்தனை வேண்டும், ஏன் மாறுகிறது என்று கண்டுபிடிப்பதே பிள்ளைகளின் முதல் கணிதப் பாடம்.

இந்த வாரங்களில் நாங்கள் கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பாடுவதில்லை. உறவினருக்கு இது வேடிக்கையாகவும் சில சமயம் எரிச்சலாகவும் இருக்கிறது. டிசம்பர் தொடங்கியதுமே கொண்டாடி 26-ஆம் தேதி களைத்துப் போவதைவிட, காத்திருந்து, 24-ஆம் தேதி மாலையில் தொடங்கிப் பன்னிரண்டு நாட்களையும் கொண்டாடுவது பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் உறுதியான எண்ணம். அன்று மாலை, கிறிஸ்துமஸுக்காகத் தம் பிள்ளைகளை மனத்தில் வைத்து லுத்தர் எழுதி 1535-ல் அச்சான பாட்டை எடுத்துக்கொள்கிறோம். அதன் தொடக்கச் சரணங்களில் தேவதூதன் நற்செய்தியை அறிவிக்கிறான். பிற்பாடு பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். பதினைந்து சரணங்களையும் பாத்திரங்கள் பிரித்துப் பாடுவோம். தூதன் யார் என்பதில் ஒவ்வோர் ஆண்டும் வழக்கு வரும். ஜனவரி 6-ஆம் தேதி, ஞானிகள் வந்த திருநாள் முடியும்வரை பாடப் புத்தகங்களைத் தொடுவதில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தில் அல்லேலூயா பாடுவதில்லை என்பது பழைய மரபு. சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் பிள்ளைகள் அந்தச் சொல்லை வண்ணத் தாளில் எழுதி ஒரு பெட்டியில் வைத்து மூடுவார்கள். ஈஸ்டர் காலையில்தான் அது திறக்கப்படும். உபவாசத்தைப் பிள்ளைகள்மேல் நாங்கள் சுமத்துவதில்லை. உபவாசம் நல்ல புறப்பயிற்சியே என்றாலும், தகுதியைத் தருவது விசுவாசமே என்று ஞானோபதேசம் திருவிருந்தைப் பற்றிய பகுதியில் தெளிவாகச் சொல்கிறது. நாற்பது நாள் என்கிறோமே, சாம்பல் புதன் முதல் எண்ணினால் நாற்பத்தாறு வருகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆறு ஞாயிறுகளும் உயிர்த்தெழுதலின் நாட்கள் என்பதால் அவை கணக்கில் சேர்வதில்லை.

ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தே கழிந்து, திரித்துவ ஞாயிறும் வந்துபோனால் பலிபீட விரிப்பு பச்சை நிறத்துக்கு மாறும். அதன்பின் ஏறக்குறைய ஆறு மாதங்களுக்குப் பெரிய பண்டிகைகள் இல்லை. பலர் சலிப்பாக எண்ணும் இந்தக் காலத்தில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது. கடினமான கணிதத்தையும் நீண்ட நூல்களையும் இதற்கென்றே ஒதுக்கி வைக்கிறோம்.

அதன் இறுதியில் அக்டோபர் 31, சீர்திருத்தத் திருநாள். அதைக் கத்தோலிக்கரை ஏளனம் செய்யும் நாளாக மாற்றும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. எங்கள் வீட்டில் அது வரலாற்றுப் பாடத்தின் நாள். 1517-ல் அந்நாளில் லுத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்த தம் 95 கருத்துரைகளை விட்டன்பர்க் ஆலயக் கதவில் ஆணியடித்தார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர் அதே நாளில் பேராயர் ஆல்பிரெக்டுக்குக் கடிதம் எழுதி அவற்றை அனுப்பினார் என்பதற்கு ஆதாரம் உறுதியானது. கதவில் ஒட்டியதை லுத்தர் தம் எழுத்தில் எங்கும் குறிப்பிடவில்லை. 1546-ல் அவர் இறந்தபின் அவருடைய உடன்பணியாளர் மெலாங்க்தன் எழுதியதிலிருந்தே அது பரவலாக அறியப்பட்டது. அந்த மெலாங்க்தனோ விட்டன்பர்க் வந்து சேர்ந்தது 1518-ல்தான். 1961-ல் கத்தோலிக்க வரலாற்றாசிரியர் எர்வின் இசர்லோ இந்தக் கேள்வியை எழுப்பியதிலிருந்து விவாதம் தொடர்கிறது. சாட்சியம் எது, மரபு எது என்று பிரித்துப் பார்க்க மூத்தவள் கற்றுக்கொண்டது இந்த ஒரு நிகழ்வை வைத்துத்தான். இளையவனுக்குச் சுத்தியல் போனதில் இன்றும் வருத்தம்.

ஒவ்வொருவருடைய ஞானஸ்நான நாளையும் நினைவுகூர்கிறோம். அன்று அவரவருடைய ஞானஸ்நான மெழுகுவர்த்தியை ஏற்றுவோம்; ஞானப்பெற்றோர் இயன்றால் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார்கள். அதற்குமேல் ஆடம்பரம் இல்லை.

நீங்களும் இப்படித் தொடங்க எண்ணினால், முதலில் உங்கள் நாட்டின் சட்டம் வீட்டுக்கல்வியை அனுமதிக்கிறதா, தேர்வுக்கும் பதிவுக்கும் என்ன விதித்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்து உங்கள் போதகரிடம் பேசுங்கள். ஞானஸ்நான விசுவாசத்தைச் சபைமுன் தாமே அறிக்கையிடப் பிள்ளைகளைத் தயாராக்கும் திடப்படுத்தல் வகுப்பை வீட்டில் முடித்துவிட முடியாது, அது சபையோடு சேர்ந்தே நடக்க வேண்டும். வருகைக் காலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் தொடங்கும் நாளில் சபை எந்தக் காலத்தில் இருக்கிறதோ, அந்தக் காலத்தின் வாசகங்களிலிருந்தும் ஞானோபதேசத்தின் முதற் கட்டளையிலிருந்தும் ஆரம்பித்துக்கொள்ளலாம்.